‘பயந்த ஜனங்கள்’: பம்பாய் பிளேக்கும் அரசாங்கத்தின் உளவியலும்

கொள்ளைநோய் வந்த காலங்களிலெல்லாம் ஆள்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: இந்த ஜனங்கள் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை? ஆஸ்பத்திரிக்கு வா என்றால் ஓடி ஒளிகிறான், ஊசி போட்டுக்கொள் என்றால் கதவைச் சாத்துகிறாள், காய்ச்சல்காரனைப் பரணில் மறைத்துவைக்கிறார்கள். பதிலும் தயாராகவே இருக்கிறது. பயம், அறியாமை, மூடநம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அதிகாரியின் அறிக்கையிலும் இதே மூன்று சொற்கள்; 2020-இன் தொலைக்காட்சி விவாதத்திலும் இதே மூன்று சொற்கள். நூற்றிருபது வருஷமாகச் சொற்கள் மாறவில்லையென்றால் அவற்றைச் சொல்பவர் நிற்கும் இடமும் மாறவில்லை என்றுதான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

இந்த மூன்று சொற்களுக்கு இடையில் ஒரு விஞ்ஞான அந்தஸ்தும் கிடைத்துவிட்டது. 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோய் கண்டறிய எக்ஸ்ரே வண்டிகளைத் தெருத் தெருவாக அனுப்பியது. இலவசம்தான். வீட்டுப் பக்கத்திலேயே வந்து நின்றது. அப்படியும் எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலான சமூக உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். தனக்கு நோய் வரும் என்று ஒருவன் எவ்வளவு நம்புகிறான், வந்தால் எவ்வளவு கடுமை என்று நினைக்கிறான், சொல்லப்படும் வழியால் என்ன லாபம் என்று கருதுகிறான், அதற்குத் தடையாக எதையெல்லாம் காண்கிறான் - இந்த நான்கையும் எடை போட்டுத்தான் அவன் நடந்துகொள்கிறான் என்றார்கள். ‘உடல்நல நம்பிக்கை மாதிரி’ என்று தமிழில் சொல்லலாம். இன்றுவரை தடுப்பூசி பற்றிய கருத்துக் கணிப்புகளில் பாதி இந்தச் சட்டகத்தின் பிள்ளைகள்தான்.

இது உதவாத சட்டகம் என்று நான் சொல்லவரவில்லை. ‘அறியாமை’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்ததைவிட, சாதாரண மனிதனும் கணக்குப் போடுகிறான் என்று ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். என் சிக்கல் வேறு. இந்தக் கணக்கு முழுவதும் தனிமனிதனின் தலைக்குள் நடக்கிறது. வண்டியை அனுப்பியது யார், அதே ஆள் போன வருஷம் எதற்காக வந்தான், கையில் என்ன கொண்டுவந்தான் என்பதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது, அல்லது ‘தடைகள்’ என்ற பெட்டிக்குள் சுருட்டி வைக்கப்படுகிறது. பயம் என்பது பயப்படுபவனின் குணமாகிவிடுகிறது. 1896-லிருந்து 1900 வரையிலான பம்பாய், புனே பிளேக்கை இதற்கு எதிராக வைத்துப் படித்துப் பார்க்கலாம் என்பதே இங்கே என் முயற்சி.

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்விப் பகுதியில் டாக்டர் வீகாஸ் பிளேக் என்று அடையாளம் சொன்னார். அக்டோபர் 6-ஆம் தேதி முனிசிபல் கமிஷனர் ஸ்னோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார். எந்த வீட்டுக்குள்ளும் புகலாம், நோயாளி என்று பட்டவரை வலுக்கட்டாயமாகவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். அக்டோபர் 29 அன்று ஆலைத் தொழிலாளர் ஆயிரம் பேரளவில் திரண்டு ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். மறுநாளே முனிசிபாலிட்டி உத்தரவைத் தளர்த்தியது.

ஏன் தளர்த்தியது? கலவரம் மட்டும் காரணமில்லை. நகரத்தின் மலம் அள்ளும் தொழிலாளர்கள் - ஆவணங்களில் ‘ஹலால்கோர்’ - கூண்டோடு ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் கமிஷனரைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் போனால் பம்பாய் ஒரு வாரம் தாங்காது. இதை ஸ்னோ தம் அறிக்கையிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஜனங்கள் பயந்தார்கள் என்று பக்கம் பக்கமாகச் சொல்லும் அதே அறிக்கையில் அரசாங்கத்தின் பயமும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பெயர் பயமில்லை, ‘நிர்வாகக் காரணம்’. பயத்துக்குக் கூட சாதி உண்டு போலிருக்கிறது.

1891 கணக்கெடுப்பில் பம்பாயின் மக்கள்தொகை 8,21,764. 1897 பிப்ரவரிக்குள் இதில் ஏறக்குறைய பாதிப் பேர் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். இருந்தவர்களைப் பிடித்துவைக்க ஆலை முதலாளிகள் மாதச் சம்பளத்தை விட்டு அன்றன்று கூலி கொடுக்க நேர்ந்தது. தெருமுனையில் நின்று ஆளுக்கு ஏலம் கேட்டார்கள். பிளேக் நகரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகத்தை நிறுத்திப் பெயர் வாசிக்கும் ஒழுங்கைப் பற்றி ஃபூக்கோ எழுதியதை (1975) நாமெல்லாம் மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்த்துவிட்டோம். அவர் கையாண்டது பதினேழாம் நூற்றாண்டு ஒழுங்குவிதி ஒன்றை. அதாவது அதிகாரம் தான் எப்படி இயங்க விரும்பியது என்பதன் பிரதியை. பம்பாயில் பெயரைக் கூப்பிட்டபோது ஜன்னலில் யாருமில்லை. காலனிய அதிகாரத்தைச் சர்வவல்லமையாகப் பார்த்துப் பழகிய நம் விமர்சகர்கள் (நானும் அந்தப் பள்ளிக்கூடம்தான்) இந்தக் காலி ஜன்னலைக் கவனிக்க வேண்டும்.

அந்த வல்லமை இல்லாததால்தான் அது பட்டாளத்தைக் கூப்பிட்டது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. சிறிய சட்டம். மீறினால் தண்டனை என்றது ஒரு பிரிவு. நல்லெண்ணத்தோடு செய்த எதற்கும் அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது என்றது இன்னொன்று. புனேயில் ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் கீழ் வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். பூஜை அறை, சமையலறை, தானியக் குதிர் எதுவும் மிச்சமில்லை. படுக்கையை எரித்தார்கள், ஓட்டைப் பிரித்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். நெறி கட்டியிருக்கிறதா என்று அக்குளையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்த்தார்கள்; பெண்களையும்தான், சில இடங்களில் நடுத்தெருவில். சாமான் காணாமல் போனதாகப் புகார்கள் குவிந்தன. தமிழில் ‘கொள்ளை’ என்றால் திருட்டும்தான், ஊரை வாரிக்கொண்டு போகும் நோயும்தான். ‘கொள்ளையில போக’ என்று வசவே இருக்கிறது. நோயும் நோயைத் தேடி வந்தவனும் ஒரே சொல்லுக்குள் நின்ற ஊர் 1897-இன் புனே. பெண் நோயாளிகள் நடத்தப்பட்ட விதம் பற்றிப் பண்டித ரமாபாய் பத்திரிகைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கிறிஸ்தவராகிவிட்டவர் அவர், ‘மூடநம்பிக்கை இந்து’ என்று அவரைத் தள்ள அரசாங்கத்தால் முடியவில்லை.

வதந்திகள் இந்தப் பின்னணியில்தான் வருகின்றன. ஆஸ்பத்திரிக்குப் போனவனின் உடம்பிலிருந்து ‘மோமியாய்’ என்ற தைலத்தை வடித்தெடுக்கிறார்கள். இனாகுலேஷன் ஊசி ஒரு கஜ நீளம். போட்டுக்கொண்டால் ஆண்மை போகும், பிள்ளை பிறக்காது. பம்பாயிலிருந்த விக்டோரியா மகாராணி சிலைக்கு 1896-ல் யாரோ தார் பூசிவிட்டார்கள். அதற்குப் பழியாக மகாராணி பம்பாய்வாசிகளின் ஈரலைக் கேட்டிருக்கிறாள், அதற்குத்தான் ஆஸ்பத்திரி. (தார் பூசியவன் நான்தான் என்று பின்னால் சொன்னவர் தாமோதர் சாபேகர்.) படித்தவர்கள் அன்று சிரித்தார்கள்.

ரணஜித் குஹா 1983-இல் வெளியான தம் நூலில், ஆசிரியர் பெயரில்லாமல் கைமாறிப் போகும் பேச்சு என்ற அளவில் வதந்தியைக் கிளர்ச்சியின் ஊடகமாகப் படித்தார். பிளேக் வதந்தியை அப்படியே கிளர்ச்சி என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அது கிளர்ச்சியைவிட வாசிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே சொன்ன மூன்றையும் திரும்பப் பாருங்கள். உடம்பிலிருந்து எதையோ எடுக்கிறார்கள், சந்ததியை அறுக்கிறார்கள், ராஜ்ய அவமானத்துக்கு உடம்பை விலை கேட்கிறார்கள். தகவல் மூன்றுமே தப்பு. ஆனால் உன் உடம்பு இனி உன்னுடையதல்ல என்ற செய்தி தப்பில்லையே! ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பிணமாகத்தான் வந்தார்கள். கடைசிக் கட்டத்தில் தூக்கிக்கொண்டு போனால் வேறென்ன நடக்கும்? போனவன் திரும்பவில்லை என்பது தெருவில் எல்லோரும் கண்ணால் கண்ட புள்ளிவிவரம். வதந்தி அதற்கு விளக்கம் எழுதியது.

இங்கே அறியாமைக் கணக்கையும் கொஞ்சம் சரிபார்த்துவிடலாம். பிளேக் கிருமியை யெர்சன் 1894-இல் ஹாங்காங்கில் கண்டுவிட்டார். அது மனிதனிடம் எப்படி வருகிறது என்பது 1897-இல் எந்த டாக்டருக்கும் தெரியாது. எலித் தெள்ளுப்பூச்சிதான் வாகனம் என்று சிமோன் 1898-இல் கராச்சியில் சோதனை செய்து சொன்னார். அதையும் மருத்துவ உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, 1905-க்குப் பிறகு நடந்த ஆராய்ச்சிகள் வரை இழுத்தது. அதாவது ராண்டின் சிப்பாய்கள் ஓட்டைப் பிரித்தபோது எதைத் தேடுகிறோம் என்று அவர்களை அனுப்பியவர்களுக்கே தெரியாது. பம்பாய்ச் சாக்கடைகளில் கடல்நீரும் கார்பாலிக்கும் பாய்ச்சினார்கள். சாக்கடையில் இருந்த எலி வீட்டுக்குள் வந்தது. மறுபக்கம், குமாவோன், கார்வால் மலைக் கிராமங்களில் எலி செத்து விழுந்தால் வீட்டை விட்டு வெளியேறிவிடுவது பிளேக் பம்பாய்க்கு வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே பதிவான வழக்கம். தக்காணத்திலும் நம் பக்கத்திலும் ஊரைக் காலி செய்து வெளியே குடிசை போட்டது இதே விவேகம்தான். நோயாளியை வீட்டிலிருந்து பிரித்தது அரசாங்கம். வீட்டையே விட்டு எல்லோரும் ஒன்றாக வெளியேறியது ஜனங்கள். தெள்ளுப்பூச்சி வீட்டில் இருக்கும்போது எது மேல்? ‘ஓடிப்போன கோழைகள்’ என்று அறிக்கைகள் எழுதியதில் ஒரு பங்கு, பூச்சியிடமிருந்து விலகியவர்களைப் பற்றியது. ரயிலேறி நோயையும் கூட்டிக்கொண்டு போனவர்களும் அதே கூட்டத்தில் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

எதிர்ப்பை முழுக்க விடுதலைக் கதையாடலாக்கும் சபலத்துக்கும் இடம் கொடுக்கக் கூடாது. 1897 ஜூன் 22 இரவு, மகாராணியின் வைர விழா நாளன்று, சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். தேசிய வரலாறு அங்கேயே நின்று கும்பிடுகிறது. ஆனால் பிளேக் ஆஸ்பத்திரி மீதான புகார்களைப் புரட்டினால், சிப்பாயின் கை பட்டது என்ற கோபத்தோடு, யார் யாரோ படுத்த கட்டிலில் படுக்கவைத்தார்கள், கண்ட சாதிக்காரன் தண்ணீர் கொடுத்தான் என்ற கோபமும் பின்னிக்கிடக்கிறது. உடம்பின் மீதான அத்துமீறல் என்று நாம் இன்று வாசிப்பதில் ஒரு பகுதி, தீட்டுப்பட்ட கோபம். திலகர் இந்துக்களுக்குத் தனி ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்தார். பிரித்துவைப்பதை அவர் கொள்கையளவில் எதிர்க்கவே இல்லை. சாவித்திரிபாய் புலே அதே புனேயில் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவனைத் தூக்கிக்கொண்டு மகன் யஷ்வந்தின் சிகிச்சைக் கொட்டகைக்குப் போனார். தொற்றி, 1897 மார்ச் 10 அன்று இறந்தார். துப்பாக்கிக்கு வரலாற்றில் கிடைத்த இடம் அந்தத் தோளுக்குக் கிடைக்க நூறு வருஷம் ஆனது.

1898 மார்ச் 9 அன்று பம்பாயில் மதன்புரா நெசவாளர் குடியிருப்பில் பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பரிசோதிக்க வந்தபோது மறுபடி கலவரம். கல்கத்தாவில் அதே வருஷம்; கான்பூரில் 1900 ஏப்ரல். அதன்பின் அரசாங்கம் சத்தம் போடாமல் பின்வாங்கியது. கட்டாயம் போயிற்று. சாதி, மத சமூகங்கள் தாமே நடத்தும் ஆஸ்பத்திரிகளுக்கு அனுமதி வந்தது. நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்கலாம் என்றார்கள். ஊசி போட்டவர்களுக்குப் பிரித்துவைப்பதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள்.

உடனே எல்லோரும் வரிசையில் வந்து நின்றார்கள் என்று சொன்னால் அது பொய். வந்த இடங்களில் எப்படி வந்தார்கள் என்பதுதான் கேள்வி. ஒடெஸாவில் பிறந்த யூதரான ஹாஃப்கின் பம்பாயில் பிளேக் ஊசியைத் தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். பைகுல்லா சிறையில் ஒப்புக்கொண்ட கைதிகளுக்குப் போட்டார். கோஜா முஸ்லிம்களின் இளம் தலைவர் ஆகாகான் தம்மைப் பின்பற்றுவோர் கண்ணெதிரில் சட்டையைக் கழற்றி ஊசி போட்டுக்கொண்டார். ஒரு தடவை இல்லை, பல தடவை. கோஜாக்கள் ஆயிரக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். ஹூப்ளியில் 1898-இல் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டார்கள். நோயின் கடுமை பற்றி இவர்களுக்குப் புதிதாக எதையும் யாரும் போதிக்கவில்லை. பிளேக் அதேதான், ஊசி அதேதான். கொண்டுவந்தது வேறு கை.

பிறகு முல்கோவால். 1902 அக்டோபர் 30, பஞ்சாபில் ஒரு கிராமம். அன்று 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரே புட்டியிலிருந்து மருந்து ஏற்றப்பட்ட 19 பேர் தசைவலி வந்து - டெட்டனஸ் - செத்தார்கள். புட்டியைத் திறந்த இடத்தில் நடந்த தவறு என்பதே பின்னர் ஏற்கப்பட்டது. 1907-இல் ரொனால்ட் ராஸ் முதலானோர் லண்டன் ‘டைம்ஸ்’ இதழில் ஹாஃப்கினுக்காக வாதாடினார்கள். அதற்குள் பஞ்சாபின் பெரிய ஊசித் திட்டம் குலைந்துவிட்டிருந்தது. 1907-இல் மட்டும் அந்த மாகாணத்தில் பிளேக்குக்கு ஆறு லட்சம் பேருக்கு மேல் பலி. ‘வதந்தி’யைக் கேட்டு ஊசியை மறுத்த பஞ்சாபியை என்ன சொல்வது? பத்தொன்பது பிணம் வதந்தியில்லை. அதே சமயம் மறுத்ததால் செத்தவனும் நிஜம். பகுத்தறிவுள்ள பயமும் ஆளைக் கொல்லும். இந்த இடத்தை என் எதிர்ப்பு அரசியல் நண்பர்கள் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பிளேக் நம்மிடமும் வந்தது. கோயம்புத்தூர் நகரத்தின் மக்கள்தொகை 1901-இல் 53,080, 1911-இல் 47,007. பத்து வருஷத்தில் ஓர் ஊர் வளராமல் சுருங்குவதற்குப் பிளேக்கைத்தான் காரணம் சொல்கிறார்கள். ஊரை விட்டுக் காட்டுக்குப் போய்க் குடிசை போட்டார்கள் (கொங்கு வழக்கில் காடு என்றால் தோட்டங்காடு; பண்டிதர்கள் முல்லைத் திணைக்குப் போய்விட வேண்டாம்). ‘பிளேக் மாரியம்மன்’ கோயில்கள் கோவையில் இன்றும் இருக்கின்றன. இங்கிலீஷ் நோய்க்குத் தமிழ்த் தெய்வம் என்று கேலி செய்வது சுலபம். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதும், வெளியாள் நுழையாமலிருப்பதும், அந்த வீட்டார் விசேஷங்களுக்குப் போகாமலிருப்பதும் கிட்டத்தட்ட ஒரு தனிமைப்படுத்தல்தான். ஆனால் நோயாளி வீட்டுக்குள்ளேயே, உறவுக்காரி கையில், ‘ஆத்தா வந்திருக்கா’ என்ற மரியாதையோடு இருப்பார். மறைக்க வேண்டியதில்லை. அம்மை குத்த வந்த சர்க்கார் ஆளை ஏமாற்றியவர்கள் வாசல் வேப்பிலையை ஏமாற்றவில்லை. இதையும் அளவுக்கு மேல் கொண்டாட மாட்டேன். ஆத்தா வந்த குழந்தைகள் செத்தார்கள், அம்மை குத்தியதால்தான் கடைசியில் பெரியம்மை ஒழிந்தது. 2021 மே மாதம் இருகூரில் ஒரு மடம் ‘கொரோனா தேவி’ சிலை வைத்தபோது பிளேக் மாரியம்மனை முன்னுதாரணம் காட்டினார்கள். அதற்கும் இதற்கும் தூரம் அதிகம். பத்திரிகைப் படத்துக்குப் பிறந்த தெய்வம் அது.

2020 மார்ச்சில் கையிலெடுக்கப்பட்டது அதே 1897-ஆம் வருஷத்துச் சட்டம்தான். நாடு முழுவதையும் மூட நான்கு மணி நேர அவகாசம். பம்பாயில் அன்று ‘மனித வாசத்துக்குத் தகுதியற்றது’ என்பதன் மூன்று இங்கிலீஷ் எழுத்துகளை வீட்டின் மேல் எழுதினார்கள். சென்னையில் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், சில தெருக்களில் தகரம் வைத்துக் கதவையே அடைத்தார்கள். வதந்தியும் வந்தது. இந்தத் தடவை அது கீழிருந்து மட்டும் வரவில்லை. தில்லித் தப்லீக் கூட்டத்தை வைத்து முஸ்லிம்கள் வேண்டுமென்றே நோய் பரப்புகிறார்கள் என்ற கதையைப் பெரிய தொலைக்காட்சிகளே ஓதின. வதந்தியை அடித்தள மக்களின் குரல் என்று மட்டும் படித்த நமக்கு இது சங்கடமான பாடம்.

அடுத்த வருஷம் ஊசி வந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மற்றவர்களும் முன்வர வேண்டும் என்பதற்காகவே, கேமராக்களுக்கு முன் போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று ஆய்வுக்குழு பிறகு சொன்னது, யார் கேட்டார்கள்? ஆகாகான் செய்ததும் இவர் செய்ததும் ஒரே காரியம். தன் உடம்பை அடமானமாக வைப்பது. அடமானம் அங்கே மீண்டது, இங்கே மூழ்கியது.

சூலூர்ப் பக்கம் இருக்கும் என் அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல். மாதக்கணக்கில் ஊசி வேண்டாம் என்றார். படித்தவன் என்ற ஹோதாவில் நானும் புள்ளிவிவரமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். “ஊசிக்கு ஆரு கண்ணு பயப்படறா? ஊசியப் போட்டுட்டு, காய்ச்சல் வந்திருச்சுன்னு அந்த வண்டியில ஏத்திட்டுப் போயிட்டா? செத்தா மொகத்தக்கூடக் காட்ட மாட்டாங்களாமா.” உடலைச் சுற்றிக் கட்டி, வீட்டாருக்குக் கொடுக்காமல் புதைத்ததை முந்தின வருஷம் முழுக்கப் பார்த்தவர்தானே. பிறகு ஒருநாள் துணைச் சுகாதார நிலையத்து நர்சம்மா வீட்டுக்கு வந்தார். அத்தை வீட்டு மருமகள்களின் பிரசவமெல்லாம் பார்த்தவர். பத்து நிமிஷம் திண்ணையில் உட்கார்ந்து எருமையைப் பற்றிப் பேசினாராம். ஊசி போட்டாயிற்று. “அந்தப் புள்ள கையி நமக்குத் தெரியுமே” என்றார் அத்தை. சட்டகத்தின் நான்கு பெட்டிகளில் இதை எதில் போடுவது? நர்சம்மா அத்தையின் நம்பிக்கை எதையும் மாற்றவில்லை. அந்த வண்டி வராது என்பதற்கு அவரே உத்தரவாதமாக உட்கார்ந்திருந்தார்.

ஸ்னோவின் அறிக்கைக்குத் திரும்பினால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆலைத் தொழிலாளி கல் எறிந்ததால் ஆவணத்தில் ஏறினான். மேல்சாதியார் மனுப் போட்டார்கள், திலகர் பத்திரிகை நடத்தினார், சாபேகர் சுயசரிதை எழுதினார். ஹலால்கோர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. அந்த வருஷங்கள் முழுக்க பிளேக் வீடுகளின் மலத்தையும் சாக்கடையையும் அள்ளியது அவர்கள்தான். போய்விடுவார்களோ என்று கமிஷனர் பயந்தது பதிவாகியிருக்கிறது. அவர்கள் எதற்குப் பயந்தார்கள், என்ன வதந்தி பேசிக்கொண்டார்கள், ஏன் கடைசியில் தங்கினார்கள் என்று அந்த அறிக்கை எழுதியவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. 2020-இல் துப்புரவுத் தொழிலாளர்கள் மேல் பூத் தூவியபோதும் யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.